தம்பி பெயர் மேல் விழுந்த கோடு

1

வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோதுதான் அருளின் குரல் செய்தி வந்தது. அருள் என் தம்பி. இலங்கையில், கரவனெல்ல பஜாரில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறான். வழக்கமாக அவன் அனுப்பும் செய்திகளில் பின்னால் கம்பிரசர் ஓடும், யாராவது சிங்களத்தில் எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். இதில் ஒரு சத்தமும் இல்லை. கடையைச் சாத்திவிட்டுப் பேசியிருக்கிறான்.

“அக்கா, என் பேரு மேல கோடு போட்டது நீயா, உம் மவனா? யாரா இருந்தாலும் சரி. மாவனல்லை முதலாளி வந்து, நாலு பேரு நிக்கிறப்ப போனத் தூக்கிக் காட்டுறாரு. ‘ஒங்க அக்காவே ஒங்கள வெட்டிட்டாங்களே அருள்’ங்கிறாரு. ரிப்பேருக்கு விட்ட அவரோட பைக்கையும் உருட்டிக்கிட்டு போயிட்டாரு. நீ அங்கன சொகமா குந்திக்கிட்டு வெட்டு. நான் இங்கன எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கடையத் தொறக்கிறது?”

இரண்டாம் முறை கேட்டபோது சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். போகட்டும். இந்த ஊர் பஸ்ஸில் தமிழ் பேசினால் சண்டை போடுவதாகத்தான் நினைப்பார்கள். அன்றைக்கு அது சண்டையாகவே இருந்தது.

நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழிற்சாலை ஊரில் இருக்கிறேன். தொழிற்சாலைகள்தான் இப்போது இல்லை. பழைய இங்கிலீஷ் மோட்டார் சைக்கிள்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையில் வேலை. தரை கூட்டத்தான் சேர்ந்தேன். கவுண்டரில் நிற்க வேண்டியவன் ஒருநாள் வரவில்லை, நான் நின்றேன், அப்படியே நின்றுவிட்டேன். துருப்பிடித்த ஏதோ ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்து, “இது எதிலிருந்து வந்தது?” என்று கேட்பார்கள். அந்த பைக்குகளைச் செய்த கம்பனிகள் எப்போதோ மூடிவிட்டன. ஒரே பாகத்துக்கு மூன்று நம்பர் இருக்கும். ஒரே நம்பரில் இரண்டு விதமான பாகம் இருக்கும். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி எரிச்சல் வந்துதான் இணையத்தில் அந்தப் பக்கத்தைத் தொடங்கினேன். பழைய வண்டிகள் மேல் காதல் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு படம், அளவு, எந்த மாடலுக்குப் போகும், அது கிடைக்காவிட்டால் வேறு எதைப் போடலாம் என்ற விவரம். கம்ப்யூட்டர் வேலையை மகன் ஜெரோம் செய்து தந்தான்.

அந்தக் கடைசி விவரத்தில்தான் அருள் வந்தான். வேறு எதைப் போடலாம் என்பது இங்கிலாந்துக்காரர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தேவைப்பட்டதில்லை. எங்கள் பக்கம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன வண்டிகள் கிளார்க்கிடம் போயின, டீமேக்கரிடம் போயின, பங்குச் சுவாமியாரிடம் போயின. பாகம் மட்டும் வரவேயில்லை. ரப்பர் தோட்டத்தில் ஃபிட்டராக இருந்த எங்கள் அப்பா கையில் கிடைத்ததைப் போட்டு ஓட்டிக்காட்டினார். அவருக்குப் பிறகு அருள். அவன் அளவெடுத்துச் சொல்வான், நான் இங்கிலீஷில் எழுதுவேன். அனுப்பியவர் பெயர் வரியின் கடைசியில் வரும். நாட்டில் பெட்ரோல் இல்லாமல் அவன் கராஜ் மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்தபோது, வீட்டுக்குள் உட்கார்ந்து எனக்காக அளவெடுத்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் அந்தப் பக்கத்தில் வராத இடமே இல்லை என்று ஆனது. ஒரு பக்கத்தை பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கராஜில் அந்தோனியார் படத்துக்குக் கீழே மாட்டிவைத்தான்.

அந்தப் பக்கத்தில் பிஸ்டன் வரியும் இருந்தது. இந்தியாவில் செய்த ஒரு பைக்கின் பிஸ்டன், சிலிண்டரைக் கொஞ்சம் போர் பண்ணி அகலமாக்கினால் ஒரு பழைய இங்கிலீஷ் மாடலுக்குப் பொருந்தும். அனுப்பியவர்: அருள், கரவனெல்ல.

2

கிரஹாம் என்று ஒருவர். இங்கிலாந்தின் பழைய பைக்குக்காரர்களில் வாய் நீண்டவர். அவர் அந்த வரியை நம்பி பிஸ்டனை வாங்கிப் போட்டிருக்கிறார். மோட்டர்வேயில் போகும்போது எஞ்சின் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டது. பின்னால் மனைவி உட்கார்ந்திருந்தாராம். விழவில்லை. ஆனால் விழுந்திருக்கலாம்.

அவர் எழுதிய மெயிலில் பாதி நியாயம். மீதி இப்படி இருந்தது: “உங்கள் இலங்கை ஆள் ஒட்டுப்போடுகிறவர். மாட்டு வண்டிக்குச் செய்கிற வேலையை எஞ்சினுக்குச் செய்யக் கூடாது. இந்த மாதிரி ஆட்களை அறிவுள்ள மனிதர்கள் படிக்கிற பக்கத்தில் சேர்த்தது யார்?”

சேர்த்தது நான். கவுண்டரில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேறு யாராவது இருக்கிறார்களா?” என்று முன்பு கேட்டவரும் இதே கிரஹாம்தான். அவருக்கு எழுத ஐந்தாறு பதில்கள் மனதில் ஓடின. ஒன்றையும் அனுப்பவில்லை. ஒரு பெண் மோட்டர்வேயில் விழுந்திருக்கலாம். ஜெரோமுக்கு போன் செய்து அந்த வரியை எடுக்கச் சொன்னேன்.

அவன் எடுக்கவில்லை, குறுக்கே கோடு போட்டான். வரி மேலும் கோடு, பெயர் மேலும் கோடு. கீழே சிவப்பில் “தவறு, ஆபத்து” என்று இருந்தது.

அருளின் செய்தி வந்த அன்று மாலை மகனை மறுபடி அழைத்தேன்.

“பெயரையாவது எடு. அது உன் மாமா.”

“அம்மா, எடுத்தால் யார் சொன்னது என்று தெரியாது. தப்பு எங்கிருந்து வந்தது என்று காட்டவேண்டும். அதற்குத்தான் கோடு.” அவன் பேசியது இங்கிலீஷில். ‘அம்மா’ மட்டும் தமிழ்.

“அவன் கடை நடத்துகிறவன். பஜாரில் எல்லாரும் பார்க்கிறார்கள்.”

“பஜாரில் யார் இதைப் படிக்கிறார்கள்?”

அவன் கெட்டவன் இல்லை. மூன்று வயதில் ஒருமுறை, பதினொரு வயதில் ஒருமுறை அந்த ஊரைப் பார்த்திருக்கிறான். கரவனெல்ல என்ற சொல்லை அவன் உச்சரித்தால் எனக்கே எந்த ஊர் என்று தெரியாது. அவனுக்கு அருள் ஒரு தகவல் வந்த இடம். எனக்கு வாய் வரை வந்தது, “உன்னைத் தூக்கிக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடினவன்டா அவன்” என்று. சொன்னால், “அதற்கும் பிஸ்டனுக்கும் என்ன?” என்று கேட்பான். கேள்வி சரிதான். அதனால் போனை வைத்தேன்.

அந்தக் கிழமை முழுக்க எதைத் தொட்டாலும் எரிச்சல். தமிழ்க்கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு நின்றேன். பணம் வாங்குகிற அம்மா இலங்கையின் வடக்குப் பக்கம்; என் பேச்சைக் கேட்டுவிட்டு, “நீங்கள் இந்தியாவோ?” என்றார். இல்லை, கேகாலை மாவட்டம் என்றேன். “அங்கயும் எங்கட ஆக்கள் இருக்கினமோ?” என்றார். ‘நாங்க’ என்று பேசுகிற தோட்டத்துத் தமிழருக்கு அவர் வரைபடத்தில் இடம் இல்லை. இருநூறு வருடமாக இருக்கினம் என்று அவர் பேச்சிலேயே சொல்லிவிட்டு வந்தேன். கறிவேப்பிலையை அங்கேயே விட்டுவிட்டேன்.

3

அப்பாவின் ஆண்டு நினைவுப் பூசைக்காக இலங்கைக்கு டிக்கெட் முன்பே எடுத்திருந்தேன். இல்லையென்றால் போயிருக்கமாட்டேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கவைத்தார்கள். என் பாஸ்போர்ட் அப்படி. அதிகாரி பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் வளர்ந்ததே அந்த மொழியின் நடுவில். பள்ளிக்கூட வாசல் தாண்டினால் சிங்களம்தான். ஆனால் வாயைத் திறந்தபோது “சாரி?” என்று வந்தது. அவர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷுக்கு மாறி, எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார். அங்கே போனால் எங்கிருந்து வந்தாய், இங்கே வந்தால் எப்போது போவாய்.

அருள் விமான நிலையத்துக்கு வரவில்லை. அவன் மனைவி ஸ்டெல்லா வேன் பிடித்து வந்திருந்தாள். “அவருக்கு வேலைங்க அக்கா,” என்றாள். பொய் சொல்லப் பழகாத முகம்.

வீட்டில் அவன் என்னுடன் ஸ்டெல்லா வழியாகத்தான் பேசினான். “அக்காவுக்குத் தேத்தண்ணி வேணுமான்னு கேளு.” நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். மறுநாள் நானே கராஜுக்குப் போனேன். அந்தோனியார் படத்துக்குக் கீழே சுவர் காலியாக இருந்தது. ஆணி மட்டும் இருந்தது.

“நீ சொன்னது ஓடல அருள். அந்தாளு எஞ்சின் ஜாமாயிருச்சு.”

“ஓட்டத் தெரியாதவன் ஓட்டுனா ஜாமாகும்.”

“அவன் சின்ன வயசுலருந்து ஓட்டுறவன். பின்னால பொஞ்சாதிய வச்சிக்கிட்டு போயிருக்கான்.”

“அதுக்கு? அவன் எழுதுனா ஒடனே வெட்டுவியா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எத்தன மாசம் ஒக்காந்து ஒனக்கு அளவெடுத்துக் குடுத்தேன். ஒரு வெள்ளக்காரன் கத்துனதும் தம்பி பொய்யனாயிட்டான்.”

“பொய்யன்னு யாரு சொன்னா? தப்புன்னுதான் இருக்கு.”

“இங்கன ரெண்டும் ஒண்ணுதான்.”

அவன் கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தான். எறியவில்லை. மெதுவாக வைத்தான். அது எறிந்ததைவிட மோசமாக இருந்தது. கராஜ் மூலையில் அவனுடைய சொந்த வண்டி நின்றது. கிரஹாமின் வண்டியும் அதே மாடல்தான். அதைக் காட்டினான்.

“அதுல அதே பிஸ்டன்தான் கெடக்கு. நான் போட்டது. கித்துல்கல போயிருக்கேன், யட்டியாந்தோட்ட ஏத்தம் ஏறியிருக்கேன். ஒருநாள் நின்னதில்ல.”

“நேர் ரோட்டுல வேகமா போயிருக்கியா?”

அவன் சுவரிலிருந்து ஹெல்மட்டை எடுத்தான். “வா, போவோம்.”

எனக்கு ஹெல்மட் எடுக்க வீட்டு வாசலில் நிறுத்தினான். ஸ்டெல்லா தன் ஹெல்மட்டைத் தந்தபடி, “போகாதீங்க அக்கா, அவரு ரெண்டு நாளா யாரு கூடவும் சரியா பேசல, அந்த வண்டியோடதான் பேசுறாரு,” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். எனக்கும் வீம்பு. ஏறி உட்கார்ந்தேன்.

4

அவிசாவளை வரை ஒழுங்காகவே ஓட்டினான். வளைவும் லொறியும் அவனை வேகம் போகவிடவில்லை. பட்டணத்தைத் தாண்டி ஹன்வெல்லப் பக்கம் ரோடு நேரானதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு முறுக்கினான்.

பல்லெல்லாம் அதிர்ந்தது. என் பிடியில் அவன் சட்டை கிழியும் போல இருந்தது. பஸ் ஒன்றை முந்தினோம். நல்லா ஓடுதா, நல்லா ஓடுதா என்று அவன் கத்தியது காற்றில் பாதிதான் கேட்டது. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் ஓடியது. நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். தோற்றால் நல்லது என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

அப்போது எஞ்சின் சத்தம் இறுகியது. தொண்டையைப் பிடித்தது போல ஒரு சத்தம். அடுத்த நொடி பின்சக்கரம் நின்றது. வண்டி வால் பக்கம் சறுக்கியது. என் வலது செருப்பு கழன்று ரோட்டில் போனது. நாங்கள் முந்திவந்த பஸ் பின்னாலேயே வந்து ஹார்னை விடாமல் அடித்தது. அருள் கிளட்சை இழுத்துப் பிடித்து, எப்படியோ நேராக்கி, மதகுக்குப் பக்கத்துப் புல்லில் கொண்டுபோய் நிறுத்தினான். பஸ் எங்களைக் கடந்துபோனது. என் செருப்பின் மேல் ஏறித்தான் போனது.

யாரும் விழவில்லை. நான் இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அருள் குந்தி உட்கார்ந்து சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தான். கிக்கரைக் கையால் அழுத்தினான். அது இறங்கவில்லை. சூடான இரும்பு டிக் டிக் என்று சத்தம் போட்டது.

“பைத்தியமா ஒனக்கு? பின்னால பஸ் வந்துச்சு.”

“பாரம் கூட,” என்றான், என்னைப் பார்க்காமல். “ரெண்டு பேரு ஒக்காந்தா பாரம் கூட.”

நான் ஒரு வார்த்தை சொன்னேன். அம்மா உயிரோடிருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பார். இத்தனை வருடம் வெளிநாட்டில் இருந்தும் அந்த வார்த்தை மட்டும் தோட்டத்து லயத்து வீடுகளில் கேட்ட மாதிரியே, ஒரு எழுத்து தேயாமல் வந்தது. அவன் பதிலுக்கு ஒன்று சொன்னான். ரோட்டோரப் புல்லில் இருந்தபடி இரண்டு பேரும் வயதுக்குத் தகாத மாதிரி கத்திக்கொண்டோம். நீ போனவள்தானே என்றான். நீ போகப் பயந்தவன் என்றேன். அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டதைச் சொன்னான். நான் யாருமில்லாத ஊரில் ஜெரோமைப் பெற்றதைச் சொன்னேன். பிஸ்டனைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. ஓட்டியவர் எங்களைவிட வயதானவர், சிங்களவர். என் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

“மொகத உனே, பாஸ்?” என்ன நடந்தது என்று கேட்டார்.

அருள் உடனே எழுந்து நின்றான். முகம் மாறிவிட்டது. கரவனெல்ல பாஸ், ஊரறிந்த மெக்கானிக். “பெட்ரோல் இவரய்,” என்றான். பெட்ரோல் தீர்ந்துவிட்டதாம்.

அந்த மனிதர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். தொலைந்தது என்று நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். கையில் தண்ணீர் போத்தல், அது நிறைய பெட்ரோல். எங்களுக்காகப் பெட்ரோல் செட்டுக்குப் போய் வாங்கிவந்திருக்கிறார்.

அருள் வேண்டாம் என்றான். அவர் விடவில்லை. அக்கா வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், ஊற்றிவிட்டுப் போங்கள் என்றார். போத்தல் மூடியை அவரே திறந்து, டாங்கி மூடியையும் அவரே திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். காலையில்தான் அருள் நிரப்பியிருந்தான்.

“டெங்கிய பிரிலா நே, பாஸ்,” என்றார். நிறைந்திருக்கிறதே. கேலி இல்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

அருள் அவர் கையிலிருந்த போத்தலைப் பார்த்தான். அவர் அதை எங்கிருந்து வாங்கிவந்தார், எவ்வளவு தூரம் போய்வந்தார் என்பதெல்லாம் அவன் முகத்தில் தெரிந்தது. எனக்கு அவன் மேல் இருந்த கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவனைப் பார்க்க முடியாமல் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எஞ்சிம ஹிர உனா,” என்று அவன் சொன்னது கேட்டது. எஞ்சின் இறுகிவிட்டது. அவர் ஏன் என்று கேட்டார். அருள் சொன்னான்: “பிஸ்டன் எக்க மேக்கே நெமே. மம தெம்மே வெரதி எகக்.”

பிஸ்டன் இந்த வண்டியுடையது இல்லை. நான் போட்டது தப்பானது.

அவன் சிங்களத்தில் சொன்னான். அவரிடம் சொன்னான். நான் ஐந்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் எனக்கு அவனிடம் எதுவும் தேவைப்படவில்லை.

அந்த மனிதர் “ஹரி, ஹரி” என்றார், சரி சரி என்று. போத்தலை மூடித் தன் த்ரீவீலரில் வைத்துக்கொண்டார். சூடு ஆறும்வரை எங்களுடன் நின்றார். தன் மகன் கொரியாவில் வேலை செய்வதாகவும் போன் எடுப்பதே இல்லை என்றும் என்னிடம் சொன்னார். எனக்குச் சிங்களம் தானாக வந்தது. என் மகனும் அப்படித்தான் என்றேன்.

கிக்கர் இறங்கியதும் வண்டி இரண்டாம் உதையில் ஸ்டார்ட் ஆனது. அருள் ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். தமிழில் பேசினான்.

“என்னா பாக்குற. ஏறு.”

வீடு வரைக்கும் மாட்டு வண்டி வேகத்தில் போனோம். வழியில் ஒரே ஒரு முறைதான் பேசினான், அதுவும் முன்னால் பார்த்தபடி. “மெதுவா போனா ஒண்ணும் ஆவாது. இந்தா ஓடுதுல்ல.”

5

மறுநாள் பூசை முடிந்து கோயில் வாசலில் என்னிடம் வந்தான்.

“அந்தக் கோட்ட எடுக்காத. இருக்கட்டும். கீழ எழுது, தோட்ட ரோட்டுல மெதுவா போறவனுக்கு ஓடும், நேர் ரோட்டுல ஓடாதுன்னு. எம் பேரப் போடு.”

“சரி.”

“அந்த வெள்ளக்காரன்கிட்ட கேளு. சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல எவ்வளவு எடம் விட்டான்னு.”

இங்கிலாந்துக்குத் திரும்பியதும் கோட்டுக்குக் கீழே அதை அவன் பெயரில் எழுதினேன், கிரஹாமிடமும் கேட்டேன். அவர் வணக்கம்கூட இல்லாமல் ஒரு அளவை மட்டும் எழுதினார். அதை அருளுக்கு அனுப்பினேன். “பொய்யி,” என்றான். “அவ்வளவு எடம் விட்டிருந்தா ஜாமாகியிருக்காது. அளந்து பாக்கச் சொல்லு.” அதைக் கொஞ்சம் மரியாதை சேர்த்து எழுதினேன். கிரஹாம் எஞ்சினைத் திரும்பவும் கழற்றி அளந்திருக்கிறார். அளவு தப்பு என்று அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அளக்கிற மைக்ரோமீட்டர் பழையது என்றார். பிறகு அருள் வேலையைப் பற்றி, அவன் நாட்டைப் பற்றி ஒரு பத்தி வசவு. கடைசியில் ஒரு கேள்வி: மெதுவாகப் போகிற வண்டி என்றால் உங்கள் ஆள் எவ்வளவு இடம் விடுவார்?

நேற்று அருளிடம் போனில் பேசினேன். பின்னால் கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னா சொல்றான்?”

“நீ சொல்றது தப்புங்கிறான். ஆனா எவ்வளவு எடம் விடுவேன்னு கேக்குறான்.”

“மரியாதையா கேட்டானா?”

“இல்ல.”

அவன் கம்பிரசரை நிறுத்தச் சொல்லி யாரிடமோ கத்தினான். பிறகு அளவைச் சொன்னான், நான் எழுதிக்கொண்டேன்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“நீயும் மரியாதையா அனுப்பாத.”